மின்சாரமும் மிச்சமாக வேண்டும், பல்பும் நீடிக்க வேண்டும்: வீட்டு விளக்குகள் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி: வீட்டில் இருந்த குண்டு பல்பு, சி.எஃப்.எல்., டியூப் லைட் எல்லாவற்றையும் எல்.இ.டி.க்கு மாற்றிவிட்டோம். அட்டைப்பெட்டியில் 25,000 மணி நேரம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் வருடத்துக்கு நான்கைந்து பல்புகளாவது போய்விடுகின்றன. அடிக்கடி அணைத்துப் போடுவதால்தான் இப்படி ஆகிறதா? மின்சாரத்தை மிச்சப்படுத்த அணைப்பதா, பல்பைக் காப்பாற்ற எரியவிடுவதா?

பதில்: தயங்காமல் அணைத்துவிடுங்கள். எல்.இ.டி. பல்பை ஒரு நாளில் எத்தனை முறை போட்டு அணைத்தாலும் அதன் ஆயுள் சொல்லும்படியாகக் குறையாது. நீங்கள் கேட்பது சி.எஃப்.எல். காலத்துச் சந்தேகம். அப்போது அது நியாயமான சந்தேகம்தான். சி.எஃப்.எல். குழாயின் இரண்டு முனைகளிலும் உள்ள கம்பிச் சுருள்களில் ஒரு பூச்சு இருக்கும். விளக்கு பற்றிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அந்தப் பூச்சில் கொஞ்சம் தெறித்துப் போகும். பழைய டியூப் லைட்டின் ஓரங்கள் கறுத்துப்போவது இதனால்தான். இன்னும் உங்கள் வீட்டில் எங்காவது சி.எஃப்.எல். இருந்தால், கால் மணி நேரத்துக்குள் அந்த அறைக்குத் திரும்பி வருவீர்கள் என்றால் எரியவிடலாம். எல்.இ.டி.க்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

மின்சாரமா, ஆயுளா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை உண்மையில் இருந்தது குண்டு பல்பில்தான். அந்த அனுபவம் நம் வீடுகளில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதனால் எல்.இ.டி.யையும் அதே மனதோடு நடத்துகிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. எனவே குண்டு பல்பை முதலில் பார்த்துவிடுவோம்.

குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வெளிச்சம் தரும். அதே வேகத்தில் ஆவியாகித் தேயவும் செய்யும். மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதைத் திருப்பிப் போட்டு, மின்னழுத்தத்தைக் குறைத்து ஆயுளை நீட்டலாம் என்று பலர் முயன்றார்கள். பல்புக்குத் தொடராக ஒரு டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு உதிரி) வைப்பது அந்தக் கால எலக்ட்ரீஷியன்களுக்குத் தெரிந்த உத்தி. பல்பு பல மடங்கு காலம் எரியும், உண்மைதான். ஆனால் அது இழுக்கும் மின்சாரம் 57 சதவீதமாக இறங்கும்போது, வெளிச்சம் 30 சதவீதத்துக்கு விழுந்துவிடும். ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சம் பாதிதான். 60 வாட் குண்டு பல்பு தன் 1,000 மணி நேர வாழ்நாளில் 60 யூனிட் மின்சாரத்தைத் தின்னும். பல்பின் விலையோ அந்த மின்சாரக் கட்டணத்தில் சிறு பங்கு. மலிவான பல்பைக் காப்பாற்ற விலை உயர்ந்த மின்சாரத்தை இறைத்ததுதான் மிச்சம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது என்பதைப் படித்திருப்பீர்கள். "அந்தக் காலத்தில் பல்பு செய்தவர்கள் நேர்மையானவர்கள்" என்று அதைச் சுட்டிக்காட்டிப் பேசுவார்கள். அந்தப் பல்பு இன்று தருவது 4 வாட் இரவு விளக்கின் மங்கல் வெளிச்சம்தான். அது நூறாண்டு கடந்து எரிவதற்கு அந்த மங்கலும் ஒரு காரணம். 1924-இல் ஜெனிவாவில் பல்பு நிறுவனங்கள் 'ஃபீபஸ்' என்ற கூட்டணி அமைத்து, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும், மீறினால் அபராதம் என்று முடிவு செய்ததும் நடந்த விஷயமே. அந்தக் கூட்டணியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் குண்டு பல்பில் நீண்ட ஆயுளும் நல்ல வெளிச்சமும் சேர்ந்து கிடைக்காது என்பது இயற்பியல் விதித்த எல்லை.

எல்.இ.டி.யில் இந்தப் பகை தீர்ந்துவிட்டது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இதுதான். எல்.இ.டி. சில்லு வழியே குறைவாக மின்னோட்டம் போனால் அது குறைவாகச் சூடாகும். குறைவாகச் சூடானால் ஆயுள் கூடும். அதோடு, ஒரு வாட்டுக்கு அது தரும் வெளிச்சமும் கூடும். மிச்சமும் ஆயுளும் ஒரே பக்கம் நிற்கின்றன. இரண்டுக்கும் பொது எதிரி சூடு.

இதற்கு நல்ல சாட்சி 'துபாய் லேம்ப்'. துபாய் மாநகராட்சியும் பிலிப்ஸ் நிறுவனமும் சேர்ந்து 2016-இல் அறிவித்த பல்பு அது. 3 வாட்டில் 600 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதாவது ஒரு வாட்டுக்கு 200 லூமன் வெளிச்சம். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண 9 வாட் பல்பு ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன்தான் தரும். துபாய் பல்பில் செய்தது பெரிய மந்திரம் எதுவும் இல்லை. சில்லுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் மின்னோட்டத்தைக் குறைத்தார்கள். நம் கடைப் பல்புகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது: செலவைக் குறைக்கச் சில்லுகளைக் குறைத்து, இருக்கும் சில்லுகளின் மீது அதிக மின்னோட்டத்தை ஏற்றுகிறார்கள். விலை குறைகிறது, சூடு ஏறுகிறது, உங்கள் வீட்டில் வருடத்துக்கு நான்கைந்து போகின்றன.

போன பல்பு ஒன்று கையில் இருந்தால், ஹோல்டரிலிருந்து கழற்றி ஆறவிட்டு, மேலே உள்ள வெள்ளை பிளாஸ்டிக் மூடியை மெல்ல நெம்பி எடுத்துப் பாருங்கள். உள்ளே வட்டமான அலுமினியத் தகட்டில் மஞ்சள் நிறச் சிறு சதுரங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். அவைதான் எல்.இ.டி.கள். சில்லு வெளியிடுவது நீல ஒளி. மேலே உள்ள மஞ்சள் பாஸ்பர் பூச்சு அதை வெள்ளையாக்குகிறது. (நீல எல்.இ.டி.யைச் செய்துகாட்டியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.) அந்தச் சதுரங்களில் ஒன்றின் நடுவே குண்டூசித் தலை அளவு கறுப்புப் புள்ளி தெரிந்தால், அந்தச் சில்லு கருகிவிட்டது. சீரியல் லைட்டில் ஒன்று போனால் வரிசையே அணைவது போல, அந்த ஒன்றால் பல்பே இருண்டிருக்கிறது. மற்றவை எல்லாம் நன்றாகவே இருக்கும்.

கறுப்புப் புள்ளி எதுவும் இல்லையென்றால், தகட்டுக்குக் கீழே உள்ள டிரைவர் எனப்படும் சிறு மின்சுற்றில்தான் கோளாறு. அதில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் ஒன்று உருளை வடிவில் இருக்கும். அதன் தலை உப்பியிருந்தால் சூட்டில் அதன் உள்ளே இருந்த திரவம் வற்றிவிட்டது என்று பொருள். மூடி திறந்த பல்பை எந்தக் காரணத்துக்காகவும் மறுபடி ஹோல்டரில் மாட்டாதீர்கள். பெரும்பாலான மலிவு பல்புகளில் அந்தத் தகட்டுக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நடுவே தடுப்பு கிடையாது; தொட்டால் நேரடியாக ஷாக் அடிக்கும். கருகிய சில்லைத் தாண்டி ஒரு கம்பியை ஒட்டவைத்துப் பல்பை எரியவிடும் பழுது வேலையும் நடக்கிறது. ஒரு சில்லைக் கருக்கிய சூடு குறையாமல் மீதிச் சில்லுகளும் நீடிக்காது.

அப்படியானால் 25,000 மணி நேரம் என்பது பொய்யா? தினம் 6 மணி நேரம் எரிந்தால் அது 11 ஆண்டுகளுக்கு மேல். முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணின் பின்னணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்.இ.டி. சில்லுகளை, கட்டுப்படுத்திய வெப்பநிலையில் குறைந்தது 6,000 மணி நேரம் எரியவிட்டு வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறார்கள். பிறகு, எப்போது அது 70 சதவீதத்துக்கு இறங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். 6,000 மணி நேரம் என்பது 250 நாட்கள். மீதி எல்லாம் கணிப்பு. அந்தக் கணிப்பும் சில்லைப் பற்றியது. டிரைவரில் உள்ள கெப்பாசிட்டரைப் பற்றியது அல்ல. 105 டிகிரியில் 5,000 மணி நேரம் தாங்கும் கெப்பாசிட்டரை 95 டிகிரியில் வைத்தால் 10,000 மணி நேரம், 85 டிகிரியில் வைத்தால் 20,000 மணி நேரம் வரும். 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. இதையே மறுபக்கமாகப் பாருங்கள்: பல்பு இருக்கும் இடம் 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஆயுள் பாதி.

இனி உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். குளியலறையிலும் வராந்தாவிலும் பூட்டிய கண்ணாடிக் குடுவைக்குள் பல்பு இருக்கிறதா? காற்று போக வழியில்லாத அந்தக் குடுவை குண்டு பல்புக்குச் சரி; எல்.இ.டி.க்கு அது அடுப்பு. அதற்குள் 9 வாட்டுக்குப் பதிலாக 5 வாட் போடுங்கள். குளியலறைக்கு அந்த வெளிச்சம் தாராளம். தலைகீழாகத் தொங்கும் பல்பில், சூடு மேலே ஏறி நேராக டிரைவர் இருக்கும் அடிப்பாகத்தில் தங்கும். கூம்பு வடிவ ஷேடுக்குள் தொங்கினால் இன்னும் மோசம். ஷேடின் உச்சியில் காற்றுத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தூசியும் நூலாம்படையும் அவற்றை அடைத்திருக்கும். சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே மாட்டிய பல்பில் எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் ஏறும். ஓரடி தள்ளி மாட்டினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த விளக்குகளுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசி வெயிலில் கான்கிரீட் தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடையில் உள்ள இடைவெளி வீட்டிலேயே சூடான இடம். அங்கேதான் டிரைவர் பெட்டி கிடக்கிறது. வாங்கும்போதே டிரைவர் தனியாகப் பிளக் வைத்து இணைக்கும் விளக்காகப் பார்த்து வாங்குங்கள். போனால் டிரைவரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டிரைவரும் விளக்கும் ஒன்றாக உருக்கி அடைத்ததை வாங்கினால், சிறு உதிரி போனதற்கு முழு விளக்கையும் தூக்கி எறிய வேண்டியிருக்கும்.

சூட்டுக்கு அடுத்தபடி பல்பைக் கொல்வது வீட்டின் மின் இணைப்பில் உள்ள குறைகள். இங்கே ஒரு எளிய வேலை செய்யுங்கள். புதுப் பல்பு மாட்டும்போது அதன் அடிப்பாகத்தில் அழியாத மார்க்கர் பேனாவால் தேதியையும், எந்த அறை என்பதையும் எழுதிவிடுங்கள். இரண்டு பல்பு போனதுமே படம் தெளிவாகிவிடும். எல்லா அறைகளிலும் மாறி மாறிப் போகிறதென்றால் வாங்கும் பல்பில் குறை; ஒரே ஹோல்டரில் திரும்பத் திரும்பப் போகிறதென்றால் அந்த ஹோல்டரிலோ அதன் ஒயரிலோ குறை; ஒரே நாளில் மூன்று நான்கு போகிறதென்றால் வீட்டுக்குள் வரும் மின்சாரத்தில் குறை.

ஹோல்டரில் குறை என்றால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் இரண்டு ஸ்பிரிங் முனைகள்தான் காரணம். வருடக்கணக்கில் குண்டு பல்பின் சூட்டில் வெந்து ஸ்பிரிங் தளர்ந்துபோயிருக்கும். பல்பு மாட்டியபின் லேசாக ஆட்டினால் கண் சிமிட்டும். காதை அருகே கொண்டுபோனால் மெல்லிய 'சிர்' சத்தம் கேட்கும். அந்தத் தீப்பொறி ஒவ்வொன்றும் டிரைவரைத் தாக்குகிறது. மெயினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் முனைகள் கறுத்திருப்பது தெரியும். சுரண்டிச் சுத்தம் செய்வதைவிடப் புது ஹோல்டர் போட்டுவிடுவது நல்லது. ஒரு பல்பின் விலையைவிடக் குறைவான செலவு அது.

ஒரே நேரத்தில் பல பல்புகள் போனால், தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் ஒயர் தளர்ந்தாலோ அறுந்தாலோ, 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300-க்கு மேலும் வரலாம், 400-ஐயும் நெருங்கலாம். இதற்கு முன்னறிகுறி உண்டு. மோட்டாரோ மிக்ஸியோ ஓடும்போது ஓர் அறையில் விளக்கு மங்கி, இன்னோர் அறையில் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரியும். மங்குவதை எல்லோரும் கவனிப்பார்கள், பளிச்சிடுவதுதான் ஆபத்து. அதைப் பார்த்ததும் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ சொல்லுங்கள். பல்பு மட்டுமல்ல, ஃபிரிட்ஜும் டி.வி.யும் அதே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன.

ஆடிக்காற்றில் கம்பிகள் உரசும் ஊர்களிலும் இடி மின்னல் அதிகமுள்ள ஊர்களிலும் மீட்டருக்கு அடுத்த பெட்டியில், சர்ஜ் எனப்படும் திடீர் மின்னழுத்த எகிறலைத் தடுக்கும் ஒரு சர்ஜ் புரொடெக்டர் வைப்பது நல்ல முதலீடு. ஆனால் அது அதிகப்படி மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கித்தான் வேலை செய்கிறது. எர்த் சரியில்லாத வீட்டில் அதை வைத்துப் பெரிய பயனில்லை. முதலில் எர்த்தைச் சரிபாருங்கள்.

அணைத்த பிறகும் பல்பு மங்கலாக மினுக்குகிறதா? இரண்டு காரணங்கள் இருக்கலாம். சுவிட்ச்சில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால், அது வழியே கசியும் சிறு மின்னோட்டமே எல்.இ.டி.யை மினுக்கவைக்கப் போதும். அதனால் பில் ஏறாது. ஆனால் இண்டிகேட்டர் இல்லாமலே மினுக்கினால், சுவிட்ச் ஃபேஸ் ஒயரில் இல்லாமல் நியூட்ரல் ஒயரில் போடப்பட்டிருக்கலாம். அப்படியானால் சுவிட்ச்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு அது உயிராபத்து. எலக்ட்ரீஷியனை அழைத்து டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லி, உடனே மாற்றிவிடுங்கள். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அது தரும் மின்சாரம் சைன் வேவா (சீராக ஏறி இறங்கும் அலை), ஸ்கொயர் வேவா (சட்டென்று ஏறி இறங்கும் அலை) என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவரின் இடத்தில் வெறும் கெப்பாசிட்டரை வைத்து ஒப்பேற்றிய மலிவு பல்புகள், ஸ்கொயர் வேவின் செங்குத்தான ஏற்ற இறக்கத்தில் ஒவ்வொரு நொடியும் பலமுறை அடி வாங்குகின்றன. மின்வெட்டு அதிகமுள்ள மாதத்தில் அவை வரிசையாகப் போவதற்குக் காரணம் இது.

இனி மின்சாரக் கணக்குக்கு வருகிறேன். 9 வாட் பல்பு ஒரு யூனிட் செலவழிக்க 111 மணி நேரம் ஆகும். தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் அதன் பங்கு 2.7 யூனிட்தான். ஆகவே "விளக்கை அணை, விளக்கை அணை" என்று பிள்ளைகளை ஓயாமல் விரட்டுவதைவிட, உண்மையில் யூனிட் போகும் இடங்களைப் பிடிப்பது பயன் தரும்.

முதல் இடம், ஜீரோ வாட்ஸ் பல்பு. பெயரை நம்பி இரவெல்லாம் எரியவிடுகிறோம். பழைய கண்ணாடி ஜீரோ வாட்ஸ் பல்பு 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். இரவு 9 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 8 யூனிட் வரை! கூடத்தில் எரியும் 9 வாட் பல்பைப் போல மூன்று மடங்கு. பூஜை அறையில் இரவு பகலாக எரியும் சிவப்பு பல்பும் இதே இனம்தான்; 24 மணி நேரமும் எரிந்தால் அது மட்டும் 20 யூனிட்டைத் தாண்டலாம். அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கு போட்டால் இரவு 9 மணி நேரத்துக்கு இரண்டு மாதக் கணக்கு கால் யூனிட்டைச் சற்றே தாண்டும். வீட்டு விளக்குகளில் இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் மிச்சம் வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது, மாடிப்படியிலும் கொல்லையிலும் மறந்துபோன பழைய டியூப் லைட். 40 வாட் டியூப்பும் காப்பர் சோக்கும் சேர்ந்தால் 50 வாட்டைத் தாண்டும். 20 வாட் எல்.இ.டி. பட்டி (டியூப் போன்ற நீள விளக்கு) போட்டால் தினம் 6 மணி நேரத்துக்கு, இரண்டு மாதத்தில் சுமார் 11 யூனிட் மிச்சம். பழைய டியூப் லைட் சட்டத்திலேயே எல்.இ.டி. டியூப்பை மாட்டினால், சோக்கையும் ஸ்டார்ட்டரையும் விலக்கி நேராக இணைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, புது வீடுகளின் வீண்செலவு: ஃபால்ஸ் சீலிங் ஓரங்களில் ஒளிந்திருக்கும் ஸ்டிரிப் லைட். மீட்டருக்கு 10 வாட் என்றால் கூடத்தைச் சுற்றி 15 மீட்டருக்கு 150 வாட். இரண்டரை குண்டு பல்புகள்! தினம் 4 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 36 யூனிட். எல்.இ.டி. என்பதால் செலவே இல்லை என்று நினைத்து, முன்பு இல்லாத விளக்குகளை எல்லாம் ஏற்றிக்கொண்டோம். விருந்தினர் வரும்போது போடுங்கள். தனிச் சுவிட்ச் வையுங்கள். மதில் சுவரில் விடிய விடிய எரியும் நான்கு 9 வாட் விளக்குகளும் இரண்டு மாதத்தில் 26 யூனிட்டை எடுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் எரியவிட்டு, மற்றவற்றை ஆள் நடமாட்டம் கண்டு எரியும் சென்சாரோடு இணைத்தால் பாதுகாப்பும் குறையாது.

நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால் இந்த யூனிட்டுகளின் மதிப்பு, பில்லின் ஓரத்தில் தெரியும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500-ஐத் தாண்டினால் குறைந்த கட்டணச் சலுகை போய்விடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 520 யூனிட் ஓடும் வீட்டில், ஜீரோ வாட்ஸ் பல்பும் ஒரு பழைய டியூப்பும் ஒன்றிரண்டு மதில் விளக்குகளும் போனாலே 500-க்குள் வந்துவிடலாம். அந்த 20, 30 யூனிட்டுக்காக மட்டும் மெனக்கெடுவதில் அர்த்தமுண்டு.

வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று யோசிப்பதும் வாட்டைக் குறைக்கும். வாட் குறைந்தால் சூடு குறையும், ஆயுள் கூடும். சமையலறையைப் பாருங்கள். விளக்கு முதுகுக்குப் பின்னால் உச்சியில் இருக்கும். நிற்பவரின் நிழலே அரிவாள்மணையிலும் தோசைக்கல்லிலும் விழும். வெளிச்சம் போதவில்லை என்று 20 வாட்டை 30 ஆக்குவார்கள். நிழல் அப்படியே இருக்கும். அலமாரிக்கு அடியில் மேடையைப் பார்த்து 5 வாட் விளக்கு ஒன்று போதும். படிக்கும் பிள்ளைக்கும் அப்படியே. தூரம் ஐந்து மடங்கானால் வெளிச்சம் இருபத்தைந்தில் ஒரு பங்காகும். புத்தகத்துக்கு அரை மீட்டர் அருகில் உள்ள 5 வாட் மேசை விளக்கு, கூரையில் உள்ள 20 வாட் பட்டியைவிட நல்ல வெளிச்சம் தரும். வலது கையால் எழுதும் பிள்ளை என்றால் விளக்கை இடப்பக்கம் வையுங்கள், கை நிழல் விழாது.

சுவர் வெள்ளையாக இருந்தால் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். கரும்பச்சையோ காப்பி நிறமோ அடித்தால் விழுங்கிவிடும். ஓட்டு வீட்டில் நம் முன்னோர் நடுவே ஒரு கண்ணாடி ஓட்டைப் பதித்தார்கள். அந்த ஒரு ஓடு பகல் முழுக்க ஒரு விளக்கின் வேலையைச் செய்தது. இன்று தகரக் கூரை போட்ட மாடிக்கும் கொட்டகைக்கும் ஒளி ஊடுருவும் ஷீட் ஒன்றைச் சேர்த்துப் போடலாம். பகலில் சுவிட்ச் பக்கமே போக வேண்டாம். மாதம் ஒருமுறை, அணைத்து ஆறவிட்டு, பல்பையும் பட்டியையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். தூசி ஒளியையும் மறைக்கும், சூடு வெளியேறுவதையும் தடுக்கும்.

வாங்கும்போது வாட்டைப் பார்க்காமல் லூமனைப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்பு தந்தது சுமார் 700 லூமன். அட்டையில் உள்ள லூமனை வாட்டால் வகுங்கள். இரண்டு பல்புகளில் எதற்கு விடை அதிகமோ, அது குறைவாகச் சூடாகும். அதுவே பெரும்பாலும் நீண்ட நாள் உழைக்கும். லூமன் எண்ணே அச்சிடாத பல்பை வாங்காதீர்கள். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண், நட்சத்திர முத்திரை, எவ்வளவு சர்ஜ் தாங்கும் என்ற குறிப்பு இவை இருக்க வேண்டும். கடையிலேயே எரியவைத்து, செல்போன் கேமராவை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அடர்த்தியாக ஓடினால் டிரைவர் மட்டமானது. கண்ணுக்கும் அது நல்லதில்லை. ஒளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள்; எண் கூடக் கூட மஞ்சள் குறைந்து நீலம் ஏறும். படுக்கை அறைக்கு 2,700 அல்லது 3,000 கெல்வின், சமையலறைக்கும் படிப்புக்கும் 4,000. நம் ஊரில் எல்லா அறைக்கும் 6,500 கெல்வின் நீல வெள்ளையைப் போட்டு, வீட்டையே மருந்துக்கடை ஆக்கிவிடுகிறோம். இரவு படுக்கப்போகும் நேரத்தில் அந்த ஒளி தூக்கத்தைக் கெடுக்கும்.

பெரும்பாலான நல்ல பல்புகளுக்கு ஒன்று முதல் இரண்டு ஆண்டு உத்தரவாதம் உண்டு. பில்லைப் பத்திரமாக வைத்து, நீங்கள் மார்க்கரில் எழுதிய தேதியோடு கொண்டுபோய்க் கடையில் கேளுங்கள். கேட்பவர்கள் குறைவு என்பதால்தான் மட்டமான பல்பு விற்பனை ஓடுகிறது.

கழற்றிப்போட்ட பழைய சி.எஃப்.எல்.களையும் டியூப்களையும் குப்பைத் தொட்டியில் வீசாதீர்கள். அவற்றில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடையாமல் அட்டைப்பெட்டியில் வைத்து மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். வீட்டில் உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்துவைத்து, கால் மணி நேரம் கழித்து ஈரத் தாளால் துகள்களை ஒற்றி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். துகள் காற்றில் பறக்கும்.